‘அதைவிட மேலம்மா!’

ஆசிரியருக்கு,

வணக்கம். ஸ்டெம் செல்லால் (வேறு வகை செல்லாக மாறக்கூடிய மூல செல்) பழுதான இதயத்தைச் சரிசெய்வது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். என் கணவருக்கு மாரடைப்பு வந்து நான்கு வருடமாகிறது. எக்கோ ஸ்கேனில் ‘பம்பிங்’, அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் அளவு, 30 சதவீதம்தான். டாக்டர் அந்த எண்ணைப் பேனாவால் சுழித்துக் கொடுத்த தாள் இன்னும் பீரோவில் இருக்கிறது. அதனால் இந்த மாதிரிக் கட்டுரைகளை நாங்கள் ராசிபலன் போலத் தேடிப் படிப்போம்.

ஆனால் இதய ஆராய்ச்சியாளர் பியரோ அன்வெர்சாவைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே! இந்த ஆசையை இவ்வளவு கிளப்பிவிட்டதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. எலும்பு மஜ்ஜை செல்லைச் செலுத்தினால் எலியின் செத்த இதயத் தசை மறுபடி வளர்கிறது என்று 2001இல் அவர் குழு ‘நேச்சர்’ அறிவியல் இதழில் எழுதியது. 2004இல் அதே இதழில் வேறு இரண்டு குழுக்கள், நாங்களும் செய்து பார்த்தோம், அந்த செல்கள் தசையாக மாறவே இல்லை என்றன. அவர் விடவில்லை. இதயத்துக்குள்ளேயே ஸ்டெம் செல் இருக்கிறது என்றும் சொல்லிவந்தார். அதை நம்பி நோயாளிகளுக்கும் செலுத்திப் பார்த்தார்கள். கடைசியில் 2018இல், அவருடைய ஆய்வகத்தின் 31 கட்டுரைகளைத் திரும்பப் பெற வேண்டும் என்று அவர் பின்னாளில் வேலை பார்த்த ஹார்வர்டு மருத்துவப் பள்ளியே சொன்னது. காரணம், திரித்த, புனைந்த தரவுகள்.

பழங்கதை என்று விட முடியவில்லை. போன வருடம் ஒரு கிளினிக்கில் எங்களிடம் நீட்டிய வழவழப்பான தாளிலும் ‘ஹார்வர்டு ஆய்வு’ என்றுதான் போட்டிருந்தது. வயிற்றுக் கொழுப்பிலிருந்து செல் எடுத்து ஊசியாகப் போடுவார்களாம். மூன்று லட்சம், பாதி முன்பணம். “இது கிளினிக்கல் ட்ரயலா சார்?” என்று கேட்டேன். “அதைவிட மேலம்மா!” என்றார் அங்கிருந்தவர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 வழிகாட்டுதல்படி, இதயத்துக்கு ஸ்டெம் செல் கொடுப்பதென்றால் அனுமதி பெற்ற ஆய்வில், அதாவது கிளினிக்கல் ட்ரயலில் மட்டுமே கொடுக்கலாம். இது அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது. நல்லவேளை, வளையல் அடகுக்கடைக்குப் போகவில்லை.

ஆராய்ச்சியே வீண் என்று சொல்லவில்லை. ஜப்பானில் ஒசாகா பல்கலைக்கழகத்தில் 2020இல், ஐபிஎஸ் செல்லில் (சாதாரண உடல் செல்லை ஸ்டெம் செல் போல மாற்றியது) வளர்த்த தசைத் தகடுகளை ஒரு நோயாளியின் இதயத்தின் மேல் ஒட்டினார்கள். ஒவ்வொரு நோயாளியாக, மெதுவாகப் போகிற வேலை அது.

அடுத்த முறை எது எலியில் நடந்தது, எது மனிதரில் நடந்தது என்று பிரித்துப் போடுங்கள். எங்களைப் போன்றவர்கள் முதலில் தேடுவது அதைத்தான்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, திருச்சி