தம்பிக்கு, அந்தக் கரி அடுப்பு விஷயமாக

தம்பி,

படம் வந்தது. கறுப்பாக, உருண்டையாக, மூன்று காலில் நம்ம உலைப்பானைக்குச் சக்கரம் வைத்த மாதிரி இருக்கிறது. 1952-ல் உங்க சிகாகோவில் ஒருத்தர் இரும்பு மிதவையை வெட்டித்தான் இந்த மாதிரி முதல் அடுப்பைச் செய்தார் என்று சொன்னாயே, அதை டீக்கடையில் நாலு பேரிடம் சொல்லியாச்சு. கரிமூட்டம் போடுகிறவன் மகன் டாலர் கொடுத்துக் கரி வாங்குகிறான் என்று சிரிக்கிறார்கள். உன் கையில் கரி படக்கூடாது என்றுதான்டா படிக்கவைத்தேன்.

சரி, வாங்கியாச்சு. எண்ணெய் எதையும் ஊற்றிப் பற்றவைக்காதே, கறியில் வாடை ஏறும். கரி பற்றவைக்கிற அந்தத் தகர உருளைக்கு அடியில் காகிதத்தைக் கசக்கி வைத்து மேலே கரியை நிரப்பு, மேல்கரி சாம்பல் பூக்க இருபது நிமிஷம் ஆகும், பொறு. பிறகு ஒரு பக்கமாகக் கொட்டிவிட்டு கோழியை மறுபக்கம் வை. மற்றதெல்லாம் கீழ்த்துளை பார்த்துக்கொள்ளும். "வெள்ளைப்புகை நீலமாயிருச்சுப்பா" என்று மூட்டத்தைச் சுற்றி ஓடிவந்து சொல்வாயே, உடனே ஓட்டையை எல்லாம் மண் வைத்து அடைப்போமே, அதேதான். சமைத்து முடித்ததும் மேலேயும் கீழேயும் அடைத்துவிடு, தானாக அணையும். தண்ணீர் ஊற்றாதே. மறுநாள் வரைக்கும் சாம்பலை நம்பாதே.

பனி கொட்டுகிறது என்று கராஜுக்குள் மட்டும் தள்ளிவிடாதே. கதவு திறந்திருந்தாலும் வேண்டாம்.

படத்தில் ஒரு தட்டுதான் இருந்தது. மருமக எடுத்த படமா என்று உங்கம்மா கேட்டாள், ஆமா என்றேன். தரையில் விழுந்திருந்த நிழல் உன்னுடையது. நாற்பது நிமிஷம் அடுப்பைப் பற்றியே பேசினாய், அப்புறம் மூணு வாரமாகப் போன் இல்லை. வேலை இருக்கும்.

கராஜுக்குள் வேண்டாம் என்றேனே, ஏனென்றால் உன் தங்கச்சி பிறந்த பதினோராம் நாள், ஐப்பசி மழை, உங்கம்மா வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, சட்டி நிறையக் கங்கு போட்டு உள்ளே வைத்துக் கதவிடுக்கில் சாக்கைத் திணித்தவன் நான். துளி புகை இல்லை, என் கரி அப்படி என்று பெருமை வேறு. விடியற்காலையில் நீ வாந்தியெடுத்து அழுத சத்தத்துக்குத்தான் ஆச்சி வந்து கதவை உதைத்துத் திறந்தது. பிள்ளை தலை தொங்கிக் கிடந்தது. சாப்பிட்டது சேரவில்லை என்று ஊருக்குச் சொன்னேன், உனக்கும் இத்தனை வருஷமாக அதைத்தான் சொல்லியிருக்கிறேன். உங்கம்மா பரமக்குடிக்கு உடம்பு தேறப் போகவில்லை தம்பி, கோபித்துக்கொண்டு போனாள். நாலு மாசம் கூப்பிடப் போகாமல் வீம்பாக இருந்தேன். போயிருந்தால் அன்றைக்கே வந்திருப்பாளாம், இப்போது சொல்கிறாள்.

கராஜுக்குள் வேண்டாம்.

பாப்பாவிடம் பேசணும் என்கிறாள் உங்கம்மா. மருமக நம்பருக்கு நேராகவே அடிக்கலாமா, நீயே சொல்.

அப்பா