விடுபட்ட சயக் குறி

கொக்குவில்
ஆனி 22

அன்பு மகள்,

ஞாயிறு இரவு நீ போனை வைத்த பிறகு எனக்கு நித்திரை வரவில்லை. கூகிளின் கோடைகாலத் திட்டத்தில் அந்த இலவசக் கணிதத் தளத்துக்கு எழுதும் நிரலில், மூன்று நாளாக ஒரே இடத்தில் நிற்கிறாய் என்றாய். வழிகாட்டியிடம் கேட்டாயா என்றதற்கு, "எல்லாரும் பார்க்கிற இடத்திலதான் அம்மா கேட்கவேணும். இதுகூடத் தெரியாமலா வந்தவள் எண்டு நினைப்பினம்" என்றாய். நேரத்துக்குச் சாப்பிடு, எல்லாம் சரிவரும் என்று சொல்லி நானும் கதையை முடித்துவிட்டேன். உனக்குத் தேவையான பதில் அதுவல்ல. தேவையான பதில் முப்பது வருடமாக என்னிடம் கிடக்கிறது. உன்னிடம் மட்டுமல்ல, அப்பாவிடம்கூட அதை முழுதாகச் சொன்னதில்லை.

1993ஆம் ஆண்டு. கரண்ட் நின்று மூன்று வருடம் ஆகியிருந்தது. ஜாம் போத்தல் விளக்கில்தான் படிப்பும் சமையலும். மண்ணெண்ணெய் வாங்கக் காசு காணாது. காசு இருந்தாலும் பிரதி உருட்டும் ரோனியோ இயந்திரத்துக்கு மை கிடைக்காது. நான் ஏ.எல். பிள்ளைகளுக்கு இணைந்த கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். புத்தகம் வைத்திருந்த பிள்ளை வகுப்பில் ஒன்றோ இரண்டோதான். அதனால் ஊசல் போல முன்னும் பின்னும் ஆடும் எளிமை இசை இயக்கம் முழுவதையும் நானே நோட்ஸாக எழுதினேன். இரவு பதினொரு மணிக்கு விளக்கைக் கிட்ட இழுத்து வைத்துக்கொண்டு, மெழுகுத்தாளில் ஊசிப்பேனையால் வெட்டினேன். அடுத்த நாள் தெரிந்த ஒருவருடைய ரோனியோவில், பழைய படிவங்களின் பின்பக்கத்தில், அறுபது பிரதி உருட்டி எடுத்தோம். அந்தத் தாள்களைப் பிள்ளைகள் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனது இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது.

மூன்றாம் பக்கத்தில் அந்தச் சமன்பாடு. உனக்கு நான் சொல்லத் தேவையில்லை: ஆர்முடுகல் என்பது ஒமேகா வர்க்கம் தர இடப்பெயர்ச்சி, முன்னால் ஒரு சயக் குறி, அதாவது கழித்தல் அடையாளம். பொருள் நடுவிலிருந்து எந்தப் பக்கம் விலகினாலும் அதைத் திருப்பி நடுவுக்கே இழுக்கிறது என்று சொல்வது அந்தச் சயக் குறி ஒன்றுதான். அது இல்லாவிட்டால் ஊசலாட்டம் இல்லை. பொருள் விலகிக்கொண்டே போகும், போகப் போக வேகமும் கூடும், திரும்பி வராது.

என் ஊசி அந்த இடத்தில் அழுத்தமாகப் படவில்லை. சயக் குறி விழவில்லை. அதற்கு அடுத்த வரியைச் சரியாக எழுதியிருந்தேன், எனக்கு விடை தெரிந்திருந்தபடியால். கடைசி வரியைப் பாடமாக்கிய பிள்ளைகளுக்கு ஒன்றும் நடக்கவில்லை. ஒவ்வொரு வரியாகத் தாங்களே செய்து பார்த்த பிள்ளைகள்தான் அங்கே நின்றுபோனார்கள். பிழை தங்களுடையது என்று நினைத்துக்கொண்டார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகளைத்தான் அந்தத் தாள் குழப்பியது என்பதை இன்றைக்கும் என்னால் தாங்கமுடியவில்லை.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி சண்டை நெருங்கி வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழும்பி நடந்தது உனக்குத் தெரியும். பெட்டி படுக்கையை விட்டுவிட்டு வந்த பிள்ளைகளும் நோட்ஸைக் கொண்டுவந்திருந்தார்கள். தென்மராட்சியில் சிலர் பார்த்து எழுதினார்கள், அங்கிருந்து வன்னிக்குப் போனவர்களிடம் வேறு சிலர் பார்த்து எழுதினார்கள். பிறகு நாங்கள் வீடு திரும்பி ஒரு வருடம் கழித்து, கிளிநொச்சியில் படித்துவிட்டு வந்த ஒரு பெண்பிள்ளை சந்தேகம் கேட்கக் கொப்பியைக் கொண்டுவந்தாள். முன்பின் அறியாத கையெழுத்து. வசனங்கள் என்னுடையவை. அதே பக்கம், அதே வரி, சயக் குறி இல்லை.

எத்தனை கொப்பியில் அது போனது என்று எனக்குத் தெரியாது. ஒரு கடிதம் போட்டுத் திருத்த வழியில்லை. யாரிடம் இருக்கிறது என்றே தெரியாத ஒன்றை எப்படித் திருத்துவது?

அதற்குப் பிறகுதான், 1994 பிரிவில் பின்வாங்கில் இருந்து படித்த ஒருவன் வீட்டுக்கு வந்திருந்தபோது இந்தக் கதையைச் சொன்னேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "நான் அண்டைக்கே கண்டனான் ரீச்சர். நீங்கள் பிழை விடமாட்டியள், எனக்குத்தான் விளங்கேல்லை எண்டு நினைச்சுப் பேசாமல் இருந்திட்டன்" என்றான். அவன் அன்றைக்கு ஒரு கை உயர்த்தியிருந்தால் அறுபது தாளிலும் பேனையால் ஒரு கோடு போட்டிருப்போம். ஐந்து நிமிட வேலை. நான் அவனைக் குறை சொல்லவில்லை. கேட்கப் பயப்படும்படியான வகுப்பை வைத்திருந்தவள் நான். அந்த வருடத்திலிருந்து ஒவ்வொரு நோட்ஸின் தலையிலும் "பிழை கண்டால் உடனே சொல்லவும்" என்று எழுதினேன்.

அவன் யார் என்று நீ இந்நேரம் கண்டுபிடித்திருப்பாய். 2000இல் சாவகச்சேரியில் ஷெல் பட்டு இரண்டு கண்ணையும் இழந்தவன். இப்போது இணுவிலில் தன் வீட்டு விறாந்தையில் ஓ.எல். பிள்ளைகளுக்கு வாயாலேயே கணக்குச் சொல்லிக்கொடுக்கிறான். தைப்பொங்கலுக்கு நீ வந்தபோது அவனுடைய போன் ஒரு கணிதப் பக்கத்தை வாசித்ததை நாங்கள் இருவரும் கேட்டுக்கொண்டிருந்தோம். ஒரு வசனம், பிறகு "படம்". இன்னொரு வசனம், பிறகு "படம்". சமன்பாடு வரவேண்டிய இடமெல்லாம் படம், படம், படம். அவன் பொறுமையாகக் கடைசிவரை கேட்டான். உன் முகம் மாறினதை நான் பார்த்தேன். பங்குனியில் நீ அனுப்பிய திட்டத்தின் முதல் வரி அந்த விறாந்தையில்தான் எழுதப்பட்டது என்று நான் நம்புகிறேன்.

அன்றைக்கு இரவு நீ எனக்கு விளக்கிச் சொன்னதைக் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். சமன்பாட்டை எழுதுகிறவர்கள் லேடெக்ஸ் என்ற எழுத்து முறையில் எழுதுகிறார்கள். உலாவிகளுக்கு அதை நேரே காட்டத் தெரியாததால் பழைய தளங்கள் ஒவ்வொரு சமன்பாட்டையும் படமாக்கி ஒட்டின. சமன்பாட்டைச் சமன்பாடாகவே வைக்கும் மத்எம்எல் என்ற முறை 1998இலேயே வந்துவிட்டது. ஆனால் குரோம் உலாவி அதை ஒழுங்காக ஏற்றுக்கொண்டது 2023 தையில்தான். இருபத்தைந்து வருடம்! அந்த இருபத்தைந்து வருடமும் பல தளங்களில் கண் தெரியாத ஒரு பிள்ளைக்குப் பின்னமும் அடுக்கும் "படம்" என்றே வாசிக்கப்பட்டிருக்கின்றன. இப்போது பாதை திறந்திருக்கிறது, பழைய பக்கங்களை மாற்ற ஆள்தான் வேண்டும். அந்த ஆள் என் மகள் என்பதில் எனக்குள்ள பெருமையைப் போனில் சொல்ல வரவில்லை.

உன் மாமா கேட்டதை மனதில் வைத்திருக்கிறாய் என்று தெரியும். கூட்டாளிகள் எல்லாரும் கொழும்பில் கொம்பனிகளுக்கு ட்ரெயினிங் போகிறார்கள், இவள் மட்டும் ஏன் இலவசத் தளம் ஒன்றுக்கு இருந்து எழுதுகிறாள் என்றார். அவருக்கு நான் பதில் சொல்லிவிட்டேன். கூகிளின் இந்தக் கோடைகாலத் திட்டம் 2005இல் தொடங்கியது, எழுதுகிற பிள்ளைக்குக் கூகிள் காசு கொடுக்கிறது, எழுதியது எல்லாருக்கும் சொந்தமாகிறது, உங்கள் மொறட்டுவைக் கம்பஸ் பல வருடம் உலகத்திலேயே அதிகம் பிள்ளைகளை இதற்குள் அனுப்பிய இடம் என்று சொன்னேன். அது மாமாவுக்குப் போதும். உனக்கு வேறு ஒன்று சொல்ல வேண்டும்.

மத்வேல்ட் என்ற பெரிய கணிதக் களஞ்சியத்தின் கதையை நீதானே சொன்னாய். ஒரு மனிதர் மாணவனாக இருந்த காலந்தொட்டுச் சேர்த்தது. புத்தகமாகப் போட்ட பதிப்பகத்தோடு வழக்கு வந்து, 2000 ஒக்ரோபரில் நீதிமன்றக் கட்டளையோடு ஒரேயடியாக மூடப்பட்டது. ஒரு வருடத்துக்கு மேல் பூட்டு. அதை நம்பியிருந்தவர்கள் திகைத்துப்போய், யாரும் மூடமுடியாததாக, யாரும் பிரதி எடுத்து வைக்கக்கூடியதாக, பிளானெட்மத் என்று ஒன்றைத் தாங்களே கட்டினார்கள். ஒரே இடத்தில் ஒரே பிரதியாக இருப்பதின் ஆபத்தை யாழ்ப்பாணத்துக்கு ஒருவரும் படிப்பிக்க வேண்டியதில்லை. அந்தத் தளம் தொடங்கிய காலத்தில் ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு சொந்தக்காரர் இருந்தார், பிழை கண்டவர் திருத்தம் போட முடிந்தது, சொந்தக்காரர் கனகாலம் கவனிக்காமல் விட்டால் கட்டுரை அநாதையானது, பிறகு இன்னொருவர் அதைத் தத்தெடுக்க முடிந்தது என்று நீ சொன்னபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. 1993இல் எனக்கு இல்லாமல் போனது அதுதான். ஒருவர் கண்ட பிழை எல்லாருடைய கொப்பியிலும் ஒரே நேரத்தில் திருந்துகிற ஒரு இடம்.

அப்படிப்பட்ட இடத்தில் இருந்துகொண்டு நீ பேசாமல் இருக்கலாமா, பிள்ளை?

இன்றைக்கே கேள். "எனக்கு விளங்கவில்லை" என்று மட்டும் எழுதாதே. அது பதில் சொல்பவருக்குப் பிடி கொடுக்காது. என்ன செய்தாய், என்ன வரும் என்று எதிர்பார்த்தாய், உண்மையில் என்ன வந்தது என்று மூன்றையும் எழுது. வகுப்பில் சந்தேகம் கேட்கும் பிள்ளைகளிடம் நான் கேட்டதும் இதைத்தான். பாதிப் பிள்ளைகள் அதை எழுதும்போதே விடையைக் கண்டுபிடித்துவிட்டு எழும்பிப் போய்விடுவார்கள். உன் வழிகாட்டி இருக்கும் ஜேர்மனி இந்த மாதங்களில் எங்களுக்கு மூன்றரை மணித்தியாலம் பின்னால், சித்தியோடு கதைத்துக் கதைத்து எங்களுக்கு அது பாடம். நீ இரவு பத்து மணிக்குப் போட்டால் அவருக்குப் பின்னேரம் ஆறரை. அவரும் தன் சொந்த நேரத்தில்தான் உனக்கு வழிகாட்டுகிறார் என்றாய். அப்படியானவருக்கு மூன்று நாள் மௌனம்தான் கஷ்டம், கேள்வி கஷ்டமில்லை. எல்லாரும் பார்ப்பார்கள் என்று பயப்படுகிறாய். பார்க்கட்டும். அதே இடத்தில் நின்றுபோன இன்னொரு பின்வாங்குப் பிள்ளை எங்கேயோ இருக்கும்.

முடியாத வேலையையும் காட்டு. முழுதாக முடித்து, மினுக்கி, கடைசி வாரத்தில் தூக்கி வைப்போம் என்று நினைக்காதே. அடி வரியில் பிழை இருந்தால் திட்டத்தின் முந்நூற்றைம்பது மணித்தியாலமும் அதன்மேல் ஏறி நிற்கும்.

இன்னொன்று. ஆவணியோடு உன் காலம் முடியும், கம்பஸ் திறந்தால் உனக்கு மூச்சுவிட நேரமிராது. நீ விட்ட இடத்திலிருந்து இன்னொருவர் தொடரும்படி குறிப்பு எழுதி வை. எது ஏன் அப்படிச் செய்யப்பட்டது, எது இன்னும் சரிவரவில்லை என்று இரண்டையும் எழுது. சரிவராததை மறைக்காமல் எழுதுவது முக்கியம். நீ எழுதியதும் ஒருநாள் அநாதையாகலாம். தத்தெடுக்க வருகிறவர் கையில் ஏதாவது இருக்க வேண்டும்.

தமிழிலும் இந்தப் பக்கங்கள் வரவேண்டும் என்று எனக்கு ஆசை. அதற்கு இப்போது நேரம் காணாது என்று தெரியும். வரும் காலத்தில் யாராவது தொடங்கினால், நாங்கள் காவி, தாயம் என்று சொல்வதைத் தமிழ்நாட்டில் திசையன், அணி என்று சொல்கிறார்கள் என்பதை மறக்காமல் இரண்டு சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் போடச் சொல்லு. ஒரு சொல்லைத் தேடி வருகிற பிள்ளைக்குப் பக்கம் அகப்படாமல் போகக்கூடாது.

ஆடியில் இடைமதிப்பீடு முடிந்து முதற்காசு வந்தால் வீட்டுக்கு அனுப்பாதே. கூரையை அப்பா பார்த்துக்கொள்வார். லப்டொப்பின் பற்றறியை மாற்று, கதிரை ஒன்று வாங்கு, கட்டிலில் குந்தியிருந்து எழுதாதே. நல்லூர்த் திருவிழாவுக்கு வர ஏலாமல் போனால் பரவாயில்லை, நான் உன் பெயருக்கு அர்ச்சனை செய்விக்கிறேன். கறுத்தக்கொழும்பான் இந்த முறை சோளகக் காற்றில் கனக்கக் கொட்டிவிட்டது. மிஞ்சினதில் பதினைந்தைப் பொதி செய்து பக்கத்து வீட்டுத் தம்பியிடம் கொடுத்துவிட்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறான், கைத்தொலைபேசியை எடுத்து வை.

நேற்று இணுவிலுக்குப் போனேன். நீ செய்வதைச் சொன்னேன். அவன் கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அரைகுறையா இருந்தாலும் பரவாயில்லை ரீச்சர், பிள்ளையை இணைப்பை அனுப்பச் சொல்லுங்கோ, நான் கேட்டுப் பார்த்துச் சொல்லுறன்" என்றான். முதலில் எந்தச் சமன்பாட்டைப் போடட்டும் என்று கேட்டேன். அந்த மூன்றாம் பக்கத்தில் இருந்ததைத்தான் கேட்டான். இந்த முறை அவன் சயக் குறியைக் கேட்காவிட்டால் அப்பவே சொல்லுவானாம்.

இணைப்பை அனுப்பு.

அன்புடன்,
அம்மா