சில்லைத் திறந்தால் போதாது, பொத்தானையும் திறக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கைபேசியைக் கடையின் கார்டு மெஷினில் தட்டிப் பணம் கட்ட உதவும் சில்லைப் போட்டி நிறுவனங்களுக்கும் திறந்துவிட வேண்டுமா என்ற கேள்வி, ஆப்பிளுக்கும் வங்கிகளுக்கும் இடையிலான பங்காளிச் சண்டையாகவே இங்கே பேசப்படுகிறது. கார்டு மெஷின்களுக்கு மென்பொருள் எழுதுவதே எங்கள் தொழில். திறக்கத்தான் வேண்டும், அதுவும் சட்டம் போட்டே திறக்க வைக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. ஆனால் எதைத் திறப்பது என்று துல்லியமாக எழுதி வாங்காவிட்டால், திறந்தும் பயனில்லை.

முதலில், தட்டும்போது என்ன நடக்கிறது என்று பார்ப்போம். மெஷினும் போனும் 13.56 மெகாஹெர்ட்ஸ் அலையில், சுமார் 4 சென்டிமீட்டர் தூரத்துக்குள் பேசிக்கொள்கின்றன. இந்தக் குறுந்தூரத் தொடர்புக்குத்தான் என்எஃப்சி என்று பெயர். உன்னிடம் என்னென்ன கார்டுகள் இருக்கின்றன என்றுதான் மெஷின் முதலில் கேட்கும். போன் ஒரு பட்டியல் தரும். விசா, மாஸ்டர்கார்டு, ரூபே ஒவ்வொன்றுக்கும் தனி அடையாள எண் உண்டு. ரூபேயுடையது ஏ000000524 என்று தொடங்கும். மெஷின் தனக்குத் தெரிந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்து, தொகையையும், அந்த நேரத்தில் தானே உருவாக்கிய ஒரு எண்ணையும் அனுப்பும். போன் தன்னிடமுள்ள ரகசியச் சாவியைக் கொண்டு அவற்றிலிருந்து ஒரு முத்திரை எண்ணைக் கணக்கிட்டுத் திருப்பித் தரும். போன் பங்குக்கு உள்ள வேலை அரை நொடிக்குள் முடிய வேண்டும் என்பது தொழிலின் இலக்கு.

அந்தச் சாவி எங்கே இருக்கிறது என்பதில்தான் சண்டை முழுவதும். இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று, போனுக்குள் தனியாகப் பதிக்கப்பட்ட பாதுகாப்புச் சில்லு. ஏடிஎம் கார்டில் இருக்கும் தங்க நிறச் சில்லின் வகையைச் சேர்ந்தது அது. சாவி அதைவிட்டு வெளியே வராது. இன்னொன்று, ஹோஸ்ட் கார்டு எமுலேஷன், சுருக்கமாக எச்சிஇ. இதில் போனில் ஓடும் செயலியே கார்டாக நடிக்கும். நிரந்தரச் சாவி வங்கியின் சர்வரில் இருக்கும். சில முறை அல்லது சில நாள் மட்டுமே செல்லும் தற்காலிகச் சாவிகள் போனுக்கு இறங்கும். அவை தீர்ந்துவிட்டால் போன் இணையத்துக்குப் போய்ப் புதியவை வாங்கி வர வேண்டும். அடித்தள சூப்பர் மார்க்கெட்டில் சிக்னல் இல்லாத நேரத்தில் தீர்ந்தால், கல்லாவில் வரிசை நிற்க, தட்டத் தட்ட மெஷின் மறுத்துக்கொண்டே இருக்கும். கடைசிச் சாவி வரை காத்திராமல் ஒன்றிரண்டு மிச்சம் இருக்கும்போதே நிரப்பிக்கொள்ளும்படி செயலியை எழுதினால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது. அதாவது எச்சிஇ குறையுள்ள வழிதான், ஆனால் கவனமாகச் செய்தால் கடைக்குப் போதுமான வழி.

அது பிறந்த கதையும் இந்த விவாதத்துக்கு அவசியம். அமெரிக்காவில் 2011-இல் கூகுள் வாலட் என்ற பணப்பைச் செயலி வந்தபோது பாதுகாப்புச் சில்லைத் தங்கள் கையில் வைத்துக்கொள்ள முயன்றவை தொலைபேசி நிறுவனங்கள். வெரைஸான் தன் கேலக்ஸி நெக்சஸ் போனில் கூகுள் வாலட்டை வரவிடவில்லை. வெரைஸானும் வேறு இரு நிறுவனங்களும் சேர்ந்து போட்டிக்கு ஒரு வாலட் தயாரித்துக்கொண்டிருந்தன. கூகுள் அந்தச் சில்லையே சுற்றிக்கொண்டு போக வழி தேடியது. 2013-இல் ஆண்ட்ராய்டு 4.4-இல் எச்சிஇ வந்தது. அன்றிலிருந்து ஆண்ட்ராய்டில் எந்த வங்கியும் யாரையும் கேட்காமல் தட்டும் செயலி எழுதலாம். ஆனால் ஐபோனில் காவல் நிற்பவர்தான் தொலைபேசி நிறுவனத்துக்குப் பதில் போன் தயாரிப்பாளராக மாறினார், காவல் மாறவில்லை.

ஆப்பிள் பே 2014 அக்டோபரில் தொடங்கியது. ஐபோனில் தட்டிப் பணம் கட்ட அது ஒன்றே வழி என்ற நிலை பத்தாண்டு நீடித்தது. ஆஸ்திரேலியாவின் நான்கு வங்கிகள் ஒன்றுசேர்ந்து ஆப்பிளிடம் பேரம் பேச அனுமதி கேட்டன; 2017 மார்ச்சில் அந்நாட்டுப் போட்டி ஆணையம் மறுத்துவிட்டது. பிறகு அவை ஒவ்வொன்றாக ஆப்பிள் பேயிலேயே போய்ச் சேர்ந்தன. பெரிய வங்கிகளாலேயே தனியாக நிற்க முடியவில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

திறந்தால் பாதுகாப்பு போய்விடும் என்பது எதிர்த்தரப்பின் முதல் வாதம். இதை அலட்சியமாகத் தள்ளக்கூடாது, ஆராயத்தான் வேண்டும். 2024 ஆகஸ்டில் ஈசெட் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் செக் குடியரசில் ஒரு மோசடியை வெளிப்படுத்தியது. உங்கள் கார்டை உங்கள் போனின் பின்னால் வையுங்கள் என்று வாடிக்கையாளரை ஏமாற்றி, அந்தத் தகவலை அந்த நொடியே மோசடிக்காரரின் ஆண்ட்ராய்டு போனுக்கு அனுப்பி, ஏடிஎம்மில் பணம் எடுத்தார்கள். திறந்த என்எஃப்சி இப்படியும் பயன்படும் என்பது உண்மை. ஆனால் மோசடிக்காரர் தன் கையில் வைத்திருந்தது ரூட் செய்யப்பட்ட, அதாவது தயாரிப்பாளர் போட்ட கட்டுப்பாடுகளை உடைத்த, ஆண்ட்ராய்டு போன். ஐபோனின் சில்லை இன்னும் நூறு ஆண்டு பூட்டி வைத்தாலும் அவருக்கு அது தடையாகாது. மறுபக்கம், 2021-இல் பர்மிங்காம், சர்ரே பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பூட்டைத் திறக்காமலே பயணக் கட்டணம் கட்ட உதவும் எக்ஸ்பிரஸ் டிரான்சிட் வசதியில் விசா கார்டு போடப்பட்ட ஐபோனில், திரை பூட்டியிருக்கும்போதே 1,000 பவுண்டு எடுத்துக் காட்டினார்கள். அது எந்தப் போட்டியாளருக்கும் திறக்காத, மூடிய அமைப்பில் இருந்த ஓட்டை. பாதுகாப்பைத் தருவது பூட்டு அல்ல. சாவிகளின் ஆயுள், மெஷினின் சோதனை, வங்கி சர்வரின் கண்காணிப்பு ஆகியவைதான்.

அந்தரங்கம் பற்றிய கவலையில் ஆப்பிள் பக்கம் கூடுதல் நியாயம் இருக்கிறது. யார் எங்கே என்ன வாங்கினார் என்ற விவரத்தைத் தான் சேர்த்துவைப்பதில்லை என்கிறது அந்நிறுவனம். போட்டிச் செயலிகள் எல்லாம் அப்படி இருக்கப்போவதில்லை. இதற்குத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில்தான் மருந்து தேட வேண்டும். ஒரு நிறுவனத்தின் நல்லெண்ணத்தை நம்பிச் சந்தையை அடைத்து வைக்க முடியாது.

சரி, ஐரோப்பா என்ன செய்தது? ஐரோப்பிய ஆணையம் 2020 ஜூனில் விசாரணை தொடங்கியது. 2024 ஜூலை 11 அன்று ஆப்பிள் தந்த வாக்குறுதிகளை ஏற்றுச் சட்டப்படி கட்டுப்படுத்தும் உத்தரவாக்கியது. பத்தாண்டுக்கு அது செல்லும். எச்சிஇ வழியாக என்எஃப்சியை இலவசமாகப் பயன்படுத்தலாம் என்பதுதான் செய்திகளில் அதிகம் வந்தது. எங்களைப் பொறுத்தவரை அதைவிட முக்கியமானவை அதற்கு அடுத்த வரிகள்: போட்டிச் செயலியை இயல்பு வாலட்டாக, அதாவது கேட்காமலே முதலில் வரும் செயலியாக, வைத்துக்கொள்ளலாம், பக்கவாட்டுப் பொத்தானை இருமுறை அழுத்தினால் அந்தச் செயலியே வரும், மெஷினருகே போனைக் கொண்டுபோனதும் அதுவே விழித்துக்கொள்ளும், முகம் காட்டித் திறக்கும் வசதியும் அதற்குக் கிடைக்கும். சொன்னபடி நடக்கிறதா என்று பார்க்க ஒரு கண்காணிப்பாளரும், தகராறு தீர்க்க ஒரு முறையும் உண்டு.

பொத்தான் ஏன் இவ்வளவு முக்கியம்? அது இல்லாவிட்டால் வாடிக்கையாளர் போனைத் திறந்து, செயலியின் படத்தைத் தேடி, அது திறக்கும்வரை நின்று, கார்டைத் தேர்ந்தெடுத்து, பிறகு தட்ட வேண்டும். அதே நேரத்தில் க்யூஆர் ஸ்கேன் செய்து முடித்துவிடலாம். யாரும் தட்ட மாட்டார்கள். தேவை இல்லை என்று பிறகு புள்ளிவிவரம் காட்டி வாதாடலாம். எந்தச் செயலி பதில் சொல்வது என்ற குழப்பமும் உண்டு. இரண்டு செயலிகள் ஒரே அடையாள எண்ணுக்குப் பதிவு செய்திருந்தால், இயல்புச் செயலி எது என்று தெளிவாகக் குறிக்காதவரை, தவறான கார்டில் பணம் போகும், அல்லது ஒன்றுமே நடக்காது. போன் உறைக்குள் பிளாஸ்டிக் கார்டு ஒன்றைச் செருகி வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல்: மெஷின் இரண்டு கார்டுகளை ஒருசேரப் பார்த்து, ஒன்றை மட்டும் காட்டு என்று நிறுத்திவிடும். பழி வழக்கமாகச் செயலி மீது விழும்.

ஐரோப்பிய உத்தரவின் பலன் முதலில் தெரிந்தது நார்வேயில். 2024 டிசம்பரில் விப்ஸ் என்ற அந்நாட்டுச் செயலி ஐபோனில் தட்டும் வசதியைக் கொண்டுவந்தது. தொடக்கத்தில் அது சவாரி செய்தது பேங்க்ஆக்செப்ட் என்ற உள்நாட்டுக் கார்டு வலையமைப்பில். சொந்தமாக ரூபேயும் யுபிஐயும் வைத்திருக்கும் நாடு கூர்ந்து கவனிக்க வேண்டிய உதாரணம் இது.

ஐரோப்பிய உத்தரவின் எல்லைக்கு வெளியே ஆப்பிள் வேறு கதவைத் திறந்தது. ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 18.1-உடன் ஆஸ்திரேலியா, பிரேசில், கனடா, ஜப்பான், நியூசிலாந்து, பிரிட்டன், அமெரிக்கா ஆகிய நாடுகளில் பாதுகாப்புச் சில்லையே பிறர் பயன்படுத்தலாம் என்று 2024 ஆகஸ்டில் அறிவித்தது. ஆனால் ஒப்பந்தம் போட வேண்டும், கட்டணமும் உண்டு. அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை.

இந்தியாவில் இன்று ஐபோன்காரருக்கு நேர்வதைக் கல்லாவில் நின்றே பார்க்கலாம். கடையில் தட்டுவதற்காக வைத்திருக்கும் யுபிஐ என்எஃப்சி ஸ்டிக்கரில் இருப்பது யுபிஐ என்று தொடங்கும் ஒரு இணைப்பு முகவரி. ஆண்ட்ராய்டு போனை அருகில் வைத்தால் எந்தச் செயலியில் கட்டுவது என்று பட்டியல் வரும். ஐபோன் தன் பின்னணி வாசிப்பில் வலைத்தள முகவரிகளை ஏற்கும். இப்படிச் செயலிகளுக்கென்று ஏற்படுத்திய தனி முகவரி வகைகளை ஏற்காது. செயலியை முதலில் திறந்து அதற்குள்ளிருந்து வாசிக்க வேண்டும். ஸ்டிக்கர் ஒன்றுதான், கடை ஒன்றுதான், ஆனாலும் ஒருவர் தட்டுகிறார், இன்னொருவர் ஸ்கேன் செய்கிறார்.

மெட்ரோ வாசலில் நிலைமை இன்னும் கடினம். சிங்காரச் சென்னை அட்டை போன்ற தேசியப் பொதுப் பயண அட்டைகளில் (என்சிஎம்சி) மீதித் தொகை அட்டையின் சில்லிலேயே எழுதப்பட்டிருக்கும். வாசல் வங்கியைக் கேட்காது. சில்லில் இருக்கும் தொகையைக் கழித்துவிட்டுத் திறக்கும். அந்தத் தொகையை எச்சிஇ செயலியில் வைத்தால் பழைய நிலையைப் பிரதியெடுத்து மீண்டும் மீண்டும் செலவழிக்க முடியும். எனவே இதற்கு எச்சிஇ உதவாது, பாதுகாப்புச் சில்லுதான் வேண்டும். முடியாத காரியம் அல்ல: ஜப்பானில் சூய்கா ரயில் அட்டை 2016 அக்டோபரிலிருந்து ஐபோனின் சில்லுக்குள் இருக்கிறது. பேட்டரி தீர்ந்து போன் அணைந்த பிறகும் சில மணி நேரம் வாசல் திறக்கும் வசதி 2018 மாடல்களிலிருந்து உண்டு. ஐரோப்பாவைப் பார்த்து எச்சிஇ மட்டும் போதும் என்று இங்கே எழுதி வாங்கினால், கோயம்பேட்டில் வரிசையில் நிற்பவருக்கு ஒன்றும் கிடைக்காது. சாம்சங் போன்ற ஆண்ட்ராய்டு தயாரிப்பாளர்களும் தங்கள் பாதுகாப்புச் சில்லுகளைத் தங்கள் கையில்தான் வைத்திருக்கிறார்கள். இந்தப் பகுதி அவர்களுக்கும் பொருந்த வேண்டும்.

அடுத்தது காசு. அமெரிக்க நீதித் துறை 2024 மார்ச்சில் தொடுத்த வழக்கின் மனுப்படி, ஆப்பிள் கிரெடிட் கார்டு தட்டல் ஒவ்வொன்றுக்கும் வங்கியிடம் 0.15 சதவீதம் வாங்குகிறது. கூகுளும் சாம்சங்கும் வங்கியிடம் வாங்குவதில்லை. 1,000 ரூபாய்க்கு 1.50 ரூபாய். கேட்கச் சிறிய தொகைதான். ஆனால் இங்கே 2020 ஜனவரி முதல் யுபிஐக்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் கடைக்காரரிடம் கட்டணமே வாங்கக்கூடாது. வருமானம் இல்லாத பரிவர்த்தனையிலிருந்து 0.15 சதவீதத்தை யார் எடுத்துத் தருவார்? தரமாட்டார்கள், ஆகவே ஐபோனில் தட்டுவது கிரெடிட் கார்டுக்காரர்களின் வசதியாகவே நின்றுவிடும். தன் சேவைக்கு ஆப்பிள் கட்டணம் கேட்கட்டும், அது வியாபாரம். ஆன்டெனாவுக்கும் சில்லுக்கும் போன் வாங்கியவர் ஏற்கெனவே விலை கொடுத்துவிட்டார். பாதுகாப்புச் சில்லில் இடம் ஒதுக்கவும் சான்றிதழ் சோதனைக்கும் ஆகும் உண்மையான செலவை ஒருமுறைக் கட்டணமாக வாங்கலாம்; தட்டலுக்கு இவ்வளவு என்று வாங்கக்கூடாது.

இதைக் கேட்க ரிசர்வ் வங்கிக்கு முன்மாதிரி கைவசம் இருக்கிறது. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கு மட்டும் வேலை செய்யும் க்யூஆர் பலகையைக் கடைகளில் ஒட்டிக்கொண்டிருந்த காலத்தில், 2020 அக்டோபரில் அது ஒரு சுற்றறிக்கை விட்டது: புதிதாகத் தனிப்பட்ட க்யூஆர் கூடாது, இருப்பவை 2022 மார்ச் 31-க்குள் பொதுவானவையாக மாற வேண்டும். இன்று ஒரே பலகையில் எந்தச் செயலியாலும் கட்ட முடிவதற்கு அதுவும் ஒரு காரணம். அட்டைப் பலகைக்குச் சொன்னதைச் சில்லுக்கும் சொல்ல வேண்டியதுதான்.

ஆப்பிள் பே பத்தாண்டு கழிந்தும் இந்தியாவுக்கு வராமலிருந்தது. அது எப்போது அனுமதி கேட்டு வந்தாலும், அந்த அனுமதிக் கடிதத்திலேயே நிபந்தனைகள் இருக்க வேண்டும்: எச்சிஇ இலவசம், இயல்புச் செயலியும் இருமுறை அழுத்தும் பொத்தானும் பயனரின் தேர்வு, பொதுப் போக்குவரத்து அட்டைகளுக்குப் பாதுகாப்புச் சில்லில் இடம், யுபிஐ முகவரியைப் பின்னணியில் வாசிக்கும் வசதி, மறுக்கப்பட்ட விண்ணப்பங்களுக்கு எழுத்துப்பூர்வக் காரணமும் காலக்கெடுவும். நுழைந்த பிறகு கேட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஐரோப்பாவே சாட்சி: பிரஸ்ஸல்ஸில் அவ்வளவு அதிகாரம் படைத்த ஆணையத்துக்கே விசாரணை தொடங்கி உத்தரவு வர நான்கு ஆண்டு பிடித்தது.

இப்படிக்கு,
கட்டண மென்பொருள் துறைப் பொறியாளர்கள்,
சென்னை