அந்தக் காலத்து எட்டாங்கிளாஸ்

அன்புள்ள மகன் குமரனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அங்கே நீயும் மருமகளும் குழந்தையும் சௌக்கியம்தானே.

"அந்தக் காலத்து எட்டாங்கிளாஸ் இந்தக் காலத்து டிகிரிக்குச் சமம்" என்று நீயும் சொல்ல ஆரம்பித்துவிட்டாய். போனில் பதில் சொன்னால் பாதியில் உனக்கு மீட்டிங் வந்துவிடும். யாழினி மூன்றாம் வகுப்புக்கு வந்துவிட்டாள், இந்தப் பேச்சு அவளைப் பற்றியதும்தான். அதனால் நிதானமாக எழுதுகிறேன்.

எட்டாவது முடிவில் இ.எஸ்.எல்.சி. என்று அரசுத் தேர்வு நடந்த காலத்தை வைத்துத்தான் அந்தப் பேச்சு வந்தது. அப்போது எட்டாவது வரை வந்து சேர்ந்தவர்கள் எத்தனை பேர் என்று யாரும் கேட்பதில்லை. 1951 கணக்கெடுப்பில் இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 100க்கு 18 பேர். நம் பக்கம் சற்றுக் கூடுதல், 21 போல. மற்றவர்கள் மாடு மேய்த்தார்கள், தறியில் உட்கார்ந்தார்கள், தம்பி தங்கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். அந்தச் சிலரையும், இன்று எட்டாவதில் உட்கார்ந்திருக்கும் அத்தனை பிள்ளைகளையும் ஒரே தராசில் வைக்கிறோம். 2011இல் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80 சதவீதம். அன்றைக்குப் பள்ளி வாசலையே மிதிக்காத வீடுகளின் பேரப்பிள்ளைகள் இன்றைய வகுப்பில் பாதிக்கு மேல் இருப்பார்கள். சராசரி இறங்கியதுபோல் தெரிந்தால் அதில் ஒரு பங்கு இந்தக் கூட்டல் கழித்தலால்தான்.

இன்னும் பின்னால் போனாலும் இதே கதைதான். 1822இல் சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ, ஊர் ஊராகப் பள்ளிகளைக் கணக்கெடுக்கச் சொல்லி கலெக்டர்களுக்கு உத்தரவிட்டார். வந்த கணக்கு: 12,498 பள்ளிகள், 1,88,650 பிள்ளைகள். மாகாணத்தின் மக்கள்தொகை 1 கோடியே 28 லட்சம். ஐந்து முதல் பத்து வயதுப் பையன்களில் நான்கில் ஒருவன் பள்ளிக்குப் போகிறான், வீட்டில் படிப்பவர்களையும் சேர்த்தால் மூன்றில் ஒருவன் என்று அவர் மதிப்பிட்டார். அந்தக் காலத்துக்கு இது சின்ன எண் இல்லை. தமிழ் மாவட்டங்களில் பிராமணர் அல்லாத பிள்ளைகளே பெரும்பான்மை என்பதும் அதே கணக்கில் இருக்கிறது, அதையும் மறைக்கக் கூடாது. ஆனால் மாகாணம் முழுதும் பெண் குழந்தைகள் சுமார் நான்கரை ஆயிரம் பேர்தான். யாழினி அன்று பிறந்திருந்தால், "அந்தக் காலத்துப் படிப்பு" அவளுக்குக் கிடைத்திருக்காது.

சரி, உள்ளே உட்கார்ந்தவர்கள் என்ன படித்தார்கள்? இங்கேதான் உன் பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது.

திண்ணைப் பள்ளியில் மணலில் விரலால் எழுதித் தொடங்கி, பிறகு ஓலையும் எழுத்தாணியும். மூத்த பையன் சட்டாம்பிள்ளையாக இருந்து சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பான். எழும்பூரில் இருந்த ஆண் அநாதைப் பள்ளியில் 1789இல் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் இந்த ஏற்பாட்டைப் பார்த்துத் தன் பள்ளியில் புகுத்தினார். அவர் ஊர் திரும்பிய பிறகு அது 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்தில் பரவியது. கணக்குக்கு எண்சுவடி. அதில் முழு எண் வாய்ப்பாடு மட்டும் இல்லை, கீழ்வாய் இலக்கமும் உண்டு: அரை, கால், அரைக்கால், பதினாறில் ஒன்றான வீசம், இருபதில் ஒன்றான மா, எண்பதில் ஒன்றான காணி, முந்நூற்றிருபதில் ஒன்றான முந்திரி. நெல்லிலக்கத்தில் இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி, எட்டு நாழி ஒரு குறுணி, பன்னிரண்டு குறுணி ஒரு கலம். குழிமாத்து என்பது நிலத்தின் பரப்புக்கான வாய்ப்பாடு. ஏழு கலம் நெல்லில் முக்கால் பங்கு எவ்வளவு என்றால், ஐந்து கலம் மூன்று குறுணி என்று பையன் களத்தில் நின்றபடியே சொல்வான். இன்றைய பி.காம். பையன் கால்குலேட்டரைத் தேடுவான்தான்.

அவன் ஏன் சொன்னான் என்று பார். காலையில் சொன்ன வாய்ப்பாடு சாயங்காலம் அளவையில், கூலியில், விளைச்சலைப் பங்கிடும் வாரத்தில் பயன்பட்டது. ரூபாய்க்குப் பதினாறு அணா இருந்தவரை பதினாறாம் வாய்ப்பாடும் வீசமும் கடைத்தெருக் கணக்கு. 1957 ஏப்ரல் 1இல் நூறு பைசா வந்தது, அதையொட்டி மெட்ரிக் அளவைகள் வந்தன. அந்த வாய்ப்பாடுகளுக்கு வேலை போயிற்று. யாரோ பாடத்தை நீர்க்கவைத்து ஒழித்துவிட்டார்கள் என்பது சரியில்லை.

மனப்பாடத்தின் மறுபக்கத்தை அன்றைக்கே எழுதி வைத்திருக்கிறார்கள். மன்றோ கேட்ட அதே அறிக்கையில் பெல்லாரி கலெக்டர் கேம்ப்பெல் 1823இல் சொன்னது: பிள்ளைகள் செய்யுளைப் பொருள் தெரியாமல் கிளிப்பிள்ளைபோல் ஒப்பிக்கிறார்கள், பேச்சுமொழி வேறு, படிக்கும் மொழி வேறு. ஒப்பிக்கத் தெரிந்தவனுக்கு முன்பின் பார்க்காத ஓலையைப் படிக்க வந்ததா என்று பார்க்கப் பரீட்சை ஏதும் இல்லை. எழுத்தே அன்று கடினம் என்பதும் உண்டு. ணா, றா, னா, லை, ளை போன்ற 13 எழுத்துகளுக்குத் தனி வடிவம் இருந்தது. 1978 சீர்திருத்தத்தில்தான் அவை மற்ற எழுத்துகளின் வரிசைக்கு வந்தன.

மதிப்பெண்ணை வைத்தும் ஒப்பிடாதே, எந்தப் பக்கத்துக்கும். இப்போது பிளஸ் டூவில் தேர்ச்சி 90 சதவீதத்துக்கு மேல். அதனால் படிப்பு உயர்ந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது, தாளை இளக்கமாகத் திருத்துகிறார்கள் என்று மட்டும் சொல்லித் தப்பிக்கவும் முடியாது. புத்தகத்தின் பின்பக்க வினா, பழைய வினாத்தாள், எந்தப் பாடத்தில் எத்தனை மதிப்பெண் என்ற புளூபிரிண்ட் என்று தேர்வு ஒரே தடத்தில் ஓடினால் பழக்கிவிடலாம். பிளஸ் ஒன் பாடத்தைத் தொடாமலே இரண்டு வருஷமும் பிளஸ் டூ பாடத்தை ஓட்டிய தனியார் பள்ளிகள் இருந்தன. 2018இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வைத்ததற்கு அதுதான் பெரிய காரணம். 1,200க்கு 1,150 வாங்கியவர்கள் கல்லூரி முதலாண்டுக் கணிதத்தில் விழித்தது இப்படித்தான்.

எட்டாவது வரை ஃபெயில் போடாததைத்தான் எல்லோரும் திட்டுகிறார்கள். ஃபெயில் போட்ட காலத்தில் அந்தப் பிள்ளை அடுத்த வருஷம் நன்றாகப் படித்துவிடவில்லை, பள்ளியை விட்டு நின்றது. கணக்கிலிருந்து காணாமல் போனது. அவ்வளவுதான் வித்தியாசம்.

நிஜமான பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது: இரண்டாம், மூன்றாம் வகுப்பில். 'பிரதம்' என்ற தொண்டு நிறுவனம் 2005 முதல் ஏசர் என்று ஓர் ஆய்வு நடத்துகிறது. கிராமத்து வீடுகளுக்கே போய், ஒவ்வொரு குழந்தையாக உட்காரவைத்து, ஒரே தாளில் எழுத்து, சொல், நான்கு வரிப் பத்தி, ஒரு சிறு கதை. கதை இரண்டாம் வகுப்புத் தரம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் அதைப் படிக்க முடிந்தவர்கள் நாடு முழுதும் 2008இல் 56 சதவீதம், 2018இல் 50, கொரோனாவுக்குப் பின் 2022இல் 43, 2024இல் 49 போல. ஐம்பது வருஷத்துக்கு முன்னால் இப்படி ஓர் ஆய்வு இல்லை, அதனால் பாட்டன் காலத்தோடு இதை ஒப்பிடவும் வழியில்லை. ஆனால் ஐந்து வருஷம் பள்ளிக்குப் போன பிள்ளைகளில் பாதிப்பேர் இரண்டாம் வகுப்புப் பாடத்தில் நிற்கிறார்கள் என்பது எந்தக் காலத்தோடும் ஒப்பிடாமலே மோசம்.

ஏன் நிற்கிறார்கள்? பாடப்புத்தகம் ஜூனில் தொடங்கி ஏப்ரலில் முடிந்தாக வேண்டும். எழுத்து கூட்டத் தெரியாத பிள்ளைக்காக அது நிற்காது. அந்தப் பிள்ளை கரும்பலகையைப் பார்த்து அழகாக எழுதும், நோட்டில் டிக் விழும், யாருக்கும் தெரியாது. நான்காம் வகுப்பில் அறிவியல், சமூக அறிவியல் பாடங்களையும் படித்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும் என்று வரும்போது எல்லாப் பாடமும் சேர்ந்து சரியும். 2022இல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் ஒரே வகுப்பை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்தது இதற்காகத்தான். யோசனை சரி. முப்பது பிள்ளைகளையும் இரண்டு வகுப்பையும் ஓர் ஆசிரியை பார்க்கும் இடத்தில் மூன்று நிலைக்கும் தனித்தனி வேலை கொடுப்பது சுலபமில்லை. தனியார் ஆங்கிலவழிப் பள்ளியில் இந்தத் தொல்லை இல்லை என்று நினைக்காதே. அங்கே ஆங்கிலப் பக்கத்தை மனப்பாடமாகச் சொல்வது படிப்பதுபோலவே காதில் விழும்.

யாழினிக்கு என்ன நிலை என்று நீயே பார்த்துவிடலாம். பதினைந்து நிமிஷம் போதும். சாப்பிட்ட பிறகு, டிவியை அணைத்துவிட்டு.

அவள் புத்தகத்தில் இல்லாத ஏழெட்டு வரிப் பத்தி ஒன்றைக் கொடு. வாய்விட்டுப் படிக்கட்டும். நிறுத்தித் திருத்தாதே, தடுமாறும் சொல்லின் கீழ் பென்சிலால் புள்ளி மட்டும் வை. மூன்றாம் வகுப்பு முடிவில் நிமிஷத்துக்கு 60 சொல் என்று மத்திய அரசின் நிபுண் பாரத் திட்டம் சொல்கிறது. தமிழ்ச் சொல் நீளம், அந்த எண்ணை வைத்து அவளை விரட்டாதே. ஒவ்வோர் எழுத்தாக நின்று நின்று போகிறாளா, சொல்லாக எடுக்கிறாளா என்பதைத்தான் கவனிக்க வேண்டும். எழுத்தெழுத்தாகப் போனால் வரியின் கடைசிக்கு வரும்போது தொடக்கம் மறந்திருக்கும். முடித்ததும் இரண்டு கேள்வி கேள், ஒன்று பத்தியில் நேராக இருப்பது, இன்னொன்று "ஏன் அப்படிச் செய்தான்?" என்பதுபோல.

மனப்பாடமா என்று சந்தேகம் வந்தால், கடைசி வரியை முதலில் படிக்கச் சொல். 'மணாகு', 'புளேசி', 'தொகீடு' என்று பொருளில்லாத சொற்களை எழுதிக் காட்டு. எழுத்து தெரிந்த பிள்ளை சிரித்துக்கொண்டே படிக்கும், ஊகிக்கிற பிள்ளை தெரிந்த சொல் எதையாவது சொல்லும். ஆங்கிலத்துக்கும் இதே வழி. பிறகு ஐந்து வாக்கியம் நீ சொல்ல அவள் எழுதட்டும். எழுத்து வாசிப்புக்குக் கொஞ்சம் பின்தங்குவது சகஜம். பார்த்து எழுதினால் முத்துமுத்தாகவும், சொல்லி எழுதினால் வெறுமையாகவும் இருந்தால்தான் கவலை.

தமிழில் பிள்ளைகள் விழும் இடங்கள் தெரிந்தவையே. கெ, கே, கை, கொ, கோ இவற்றில் குறி முன்னால் நிற்கும், ஒலி பின்னால் வரும். கு, டு, து, மு என்று உகர வரிசையில் எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறும். எந்த வரிசையில் புள்ளிகள் அதிகமோ அதை மட்டும் எடு. 247 எழுத்தையும் திரும்ப முதலிலிருந்து சொல்லவைத்தால் தெரிந்ததையே சொல்லி நேரம் போகும். அந்த ஒரு குறியைப் பதினெட்டு மெய்யோடும் எழுதி வாசிக்கச் சொல், உடனே சொற்களுக்குப் போ: கொடு–கோடு, எடு–ஏடு, பெட்டி–பேட்டி. மனம்–மணம் குழப்பத்தை இப்போது பெரிதாக்காதே, பேச்சில் நாமே அதைச் சரியாக ஒலிப்பதில்லை. குறில் நெடில் தவறினால் மட்டும் விடாதே.

கணக்கில் 52இலிருந்து 27ஐக் கழிக்கச் சொல். 35 என்று எழுதினால், பெரியதிலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறாள், 7இலிருந்து 2. கவனக்குறைவு என்று திட்டாதே, பத்தைப் பிரிப்பது என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியவில்லை. ஈர்க்குச்சியைப் பத்துப் பத்தாக ரப்பர்பேண்டு போட்டு ஐந்து கட்டும் இரண்டு உதிரியும் கொடு. 27ஐ எடுக்க ஒரு கட்டைப் பிரித்தே ஆக வேண்டும். கையால் நான்கைந்து முறை செய்த பிறகு தாளுக்கு வா. அதன் பின் 304 – 178 போல நடுவில் பூஜ்ஜியம் வருவது. வகுத்தலில் 412ஐ 4ஆல் வகுத்து 13 என்று எழுதுவதும் இதே நோய்தான், பத்துகள் இடத்துப் பூஜ்ஜியம் விட்டுப்போகும்.

"பஸ்ஸில் 38 பேர், 15 பேர் இறங்கினார்கள், 9 பேர் ஏறினார்கள்" என்று சொல்லிப் பார். "கூட்டணுமா கழிக்கணுமா?" என்று திருப்பிக் கேட்டால், எண்ணை மட்டும் பார்க்கிறாள், கதையைப் பார்க்கவில்லை. பஸ்ஸை வரையச் சொல்.

வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்யவைக்கலாமா என்று மருமகள் கேட்டாள். கட்டாயம் செய்யட்டும், ஆனால் வரிசையை மாற்று. முதலில் 2, 10, 5. பிறகு 4, அது இரண்டின் இரட்டிப்பு. பிறகு 3, 9. 6×3ம் 3×6ம் ஒன்றே என்று தெரிந்துவிட்டால் பத்தாம் வாய்ப்பாடு வரை புதிதாக மிஞ்சுவது ஆறே ஆறு: 6×6, 6×7, 6×8, 7×7, 7×8, 8×8. ராகம் போட்டுச் சொல்லவும், குறுக்கே கேட்டால் சொல்லவும் இரண்டும் வர வேண்டும். ராகம் மட்டும் வந்தால் ஏழெட்டு என்ன என்று கேட்கும்போது ஓரேழிலிருந்து தொடங்குவாள்.

தினமும் இருபது நிமிஷம். எல்லாவற்றையும் சேர்த்து ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் உட்காரவைத்தால் வீட்டில் சண்டைதான் மிஞ்சும். டியூஷனில் போடுவதற்கு முன் அங்கே என்ன செய்கிறார்கள் என்று விசாரி, பெரும்பாலும் மறுநாள் ஹோம்ஒர்க்கை எழுதி முடிப்பதுதான் நடக்கும். புத்தகத்தை மூக்குக்கு அருகில் கொண்டுபோனால் இதெல்லாவற்றுக்கும் முன்னால் கண் டாக்டரிடம் காட்டு. பெற்றோர் கூட்டத்தில் ரேங்க் கேட்காமல், புதுப் பத்தி கொடுத்தால் படிக்கிறாளா என்று கேள். நல்ல டீச்சர் அந்தக் கேள்விக்குச் சந்தோஷப்படுவார்.

இதோடு நான்கு பத்திகள் தனித் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். இரண்டு மட்டும் இப்போது கொடு. மூன்றாவது அரையாண்டு விடுமுறையில், நான்காவது ஏப்ரலில். முன்கூட்டி அவள் கண்ணில் படாமல் வை, ஒருமுறை படித்த தாள் சோதனைக்கு உதவாது. புள்ளி வைத்த தாள்களைத் தேதி போட்டு எடுத்துவை, நான் பொங்கலுக்கு வரும்போது பார்க்கிறேன்.

அன்புடன்,
அம்மா