அப்பாவுக்கு, வியன்னாவிலிருந்து

அன்புள்ள அப்பாவுக்கு,

அம்மாவின் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. உடனே எழுதாதது என் தப்புதான். போனில் நான் எதைக் கேட்டாலும் “சரி சாமி, சரி சாமி” என்று சொல்லி அம்மாவிடம் கொடுத்துவிடுவீர்கள். காது கேட்காமல்தான் அப்படிச் செய்தீர்கள் என்று இப்போதுதான் தெரிகிறது.

இங்கே குளிர் இன்னும் விடவில்லை. வேலை நல்லபடியாகப் போகிறது. நேரத்தைக் கொஞ்சம் குறைத்திருக்கிறார்கள், சாயங்காலம் ஓய்வாக இருக்கிறது. போன வாரம் கீழ்வீட்டுப் பாட்டி முசிக்வெரைன் என்கிற இசை அரங்கத்துக்குக் கூட்டிப்போனார். நின்றுகொண்டே கேட்கிற டிக்கெட். எண்பது வயது, காதுக்குப் பின்னால் கருவி. கடைசிவரை உட்காரவில்லை.

பீத்தோவன் என்கிற இசையமைப்பாளரின் ஐந்தாம் சிம்பொனி, நாலு பகுதியாக வரும் பெரிய வாத்திய இசை. 1808 டிசம்பரில் இதே ஊரில், குளிர் தாங்காத ஒரு அரங்கத்தில்தான் அது முதலில் அரங்கேறியது. அப்போதே அவருக்குக் காது போய்க்கொண்டிருந்தது. 1802-ல் தம்பிகளுக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார்: ‘எனக்குக் காது கேட்கவில்லை, சத்தமாகப் பேசுங்கள்’ என்று யாரிடமும் சொல்ல முடியவில்லை, அதனால்தான் ஒதுங்கியே இருக்கிறேன் என்று. அதை அனுப்பவே இல்லை. அவர் இறந்த பிறகுதான் கிடைத்தது. பாட்டி இதைச் சொன்னபோது திண்ணையில் நீங்கள் தனியாக உட்கார்ந்திருப்பதுதான் கண்ணில் வந்தது.

பின்வரிசையில் மூன்று பேர் டிராம்போன் என்கிற நீளமான பித்தளை ஊதுகுழலை மடியில் வைத்துக்கொண்டு, மூன்று பகுதி முடியும்வரை வாசிக்காமலே இருந்தார்கள். மூன்றாவது முடிகிற இடத்தில் எல்லாம் அடங்கி, முரசு மட்டும் மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தது. விடிகாலையில் நம் பட்டறையில் ஒற்றைத் தறி ஓடுமே, அப்படி. அப்புறம் அந்த மூன்று பேரும் சேர, மொத்த வாத்தியங்களின் சத்தமும் ஒரே மூச்சில் எழும்பியது. காலடியில் பலகைத் தரை அதிர்ந்தது. அப்பா, உங்களைச் செருப்பில்லாமல் அங்கே நிறுத்தியிருந்தால் உங்களுக்கும் கேட்டிருக்கும். அழுதுவிட்டேன். வீட்டுக்கு வந்து அரிசியும்பருப்பும் ஆக்கினேன், அம்மா கைப்பக்குவம் வரவில்லை.

முப்பது வருஷம் தறிச் சத்தத்தில் நின்ற காது அது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அடுத்த திங்கட்கிழமை மாமாவோடு ஈரோட்டுக்குப் போய்க் காது டாக்டரைப் பாருங்கள். கருவி வாங்கச் சொன்னால் யோசிக்காதீர்கள், பத்தாம் தேதிக்குள் பணம் அனுப்பிவிடுவேன். அம்மா தோட்டைக் கழற்ற வேண்டாம், ஆட்டையும் விற்க வேண்டாம். டாக்டர் எழுதித்தரும் சீட்டைப் போட்டோ எடுத்துத் தங்கச்சியை அனுப்பச் சொல்லுங்கள். அவளுடைய பரீட்சைப் பணம் கட்டியாகிவிட்டதா?

உங்கள் மகன்