விபத்தே செய்யாதவன் எப்படி ஆபத்தான சாரதி ஆனான்?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

ஸ்காபரோவில் இருந்து எழுதுகிறேன். 22 வருடமாக ஒன்ராறியோ வீதிகளில் கார் ஓட்டுகிறேன். ஒரு விபத்தும் என் பேரில் இல்லை. வேகத்துக்கு ஒரே ஒரு ரிக்கற், அதுவும் 2011இல். ஆனால் போன வருடத்தில் இருந்து காப்புறுதிக்காரரின் கணக்கில் நான் 'ஹை ரிஸ்க்' சாரதி. குடித்துவிட்டு ஓட்டிப் பிடிபட்டவருக்கும் வீதியில் ரேஸ் விட்டவருக்கும் பக்கத்தில் என்னையும் நிறுத்தியிருக்கிறார்கள்.

நடந்தது இதுதான். கிறிஸ்மஸ் முடிந்த கையோடு எங்கள் வெயார்ஹவுஸில் ஷிப்ட்டைக் குறைத்தார்கள். மாதம் 1ஆம் திகதி வங்கியில் தானாக வெட்டுப்படும் காப்புறுதிக் கட்டணம் 218 டொலர், கணக்கில் காசு இல்லாமல் திரும்பிவிட்டது. முதல் தடவை எச்சரிக்கைக் கடிதம் வந்ததும் ஓடிப்போய்க் கட்டினேன். இரண்டாவது தடவை நான் இரவு வேலை. பதிவுத் தபாலுக்கு வந்து எடுக்கச் சொல்லித் தபால்காரர் கதவில் செருகிய துண்டை, மனைவி மறக்கக்கூடாதென்று பிரிட்ஜில் காந்தத்தால் ஒட்டி வைத்தார். அதற்கு மேல் மரக்கறிக் கடை பிளையர் வந்து ஒட்டிக்கொண்டது. அந்தத் துண்டைக் கண்டெடுத்து நான் தபாற்கந்தோருக்குப் போனபோது, காசைக் கட்டக் கொடுத்திருந்த 30 நாளும் முடிந்து, காப்புறுதி ரத்தாகியிருந்தது.

சரி, வேறு கொம்பனி பார்க்கலாம் என்று புரோக்கரிடம் போனேன். அவர் என் முன்னாலேயே ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லா இடத்திலும் ஒரே கேள்வி: கடந்த மூன்று வருடத்தில் பணம் கட்டாமல் காப்புறுதி ரத்தானதா? ஆம் என்றதும் கதவு சாத்தப்பட்டது. கடைசியில் மிஞ்சியது பசிலிற்றி அசோசியேஷன். எவரும் எடுக்காத சாரதிகளுக்காக, ஒன்ராறியோவில் வாகனக் காப்புறுதி விற்கும் கொம்பனிகள் எல்லாம் கட்டாயமாகச் சேர்ந்து நடத்தும் ஏற்பாடு அது. வருடம் 2,616 டொலராக இருந்தது 6,940 ஆனது. என் 2012 கொரோலாவை விற்றால்கூட அவ்வளவு வராது.

இங்கேதான் எனக்கு மனம் ஆறவில்லை. ஒன்ராறியோவில் வாகனக் காப்புறுதிக் கட்டணத்தைத் தீர்மானிக்க ஒருவரின் கிரெடிட் ஸ்கோரைப் பார்க்கக்கூடாது. நல்ல சட்டம். கையில் காசு குறைந்தவன் கார் ஓட்டத் தெரியாதவன் அல்ல என்பதுதானே அதன் அர்த்தம்? அப்படியானால் வங்கியில் காசு திரும்பியதை வைத்து என்னை ஆபத்தான சாரதி என்பது, முன்வாசலில் மறித்ததைப் பின்வாசலால் விடுவது அல்லவா? கொம்பனிக்குக் காசு வேண்டும், அது நியாயம். தண்டம் போடட்டும், ஆறு மாதக் காசை முன்கூட்டியே கேட்கட்டும். கட்டத் தவறியவனையும் ஆளை மோதியவனையும் ஒரே தராசில் போடவேண்டாம் என்றுதான் கேட்கிறேன். காப்புறுதிக் கட்டணங்களுக்கு அனுமதி கொடுக்கும் மாகாண ஒழுங்குபடுத்தும் ஆணையம் இதைப் பார்க்கவேண்டும். எங்கள் தொகுதி உறுப்பினருக்கும் எழுதியிருக்கிறேன்.

காப்புறுதி இல்லாமல் இருந்த அந்த மூன்று கிழமையும் பின்ச் தெரு இரவுப் பேருந்தில் ஏறி, இரண்டு இடத்தில் மாறி, பிரம்ரனுக்கு வேலைக்குப் போனேன். அப்போதுதான் தெரிந்த ஒரு பொடியன் சொன்னான், "அண்ணை, 700 டொலர் காசாத் தாங்கோ, பிங்க் சிலிப் போனுக்கே வரும்" என்று. பிங்க் சிலிப் என்றால் காருக்குக் காப்புறுதி இருப்பதைக் காட்டும் அத்தாட்சி, அவன் விற்றது போலி. ஒரு மாதிரியையும் காட்டினான். அதில் இருந்த விலாசம் கிங்ஸ்டனில் எவருடையதோ ஒரு வீடு. இப்படி வாங்கி ஓட்டுகிறவர்கள் நம்மவரிலேயே இருக்கிறார்கள், எனக்கு அது பெரிய கவலை. காப்புறுதி இல்லாமல் பிடிபட்டால் முதல் தடவையே 5,000 முதல் 25,000 டொலர் வரை தண்டம், மறுபடியும் பிடிபட்டால் 50,000 வரை போகும். லைசென்ஸை ஒரு வருடம் வரைக்கும் நிறுத்தலாம். அதைவிடப் பெரிய ஆபத்து, இன்னொருவர் வந்து மோதி உங்கள் முதுகெலும்பு முறிந்தாலும், காப்புறுதி இல்லாத காரை ஓட்டிய நீங்கள் அவர்மேல் நட்டஈட்டு வழக்குப் போட முடியாது. புரோக்கர் என்று சொல்லிக்கொண்டு வருகிறவர் உண்மையில் பதிவுபெற்றவரா என்பதை ரிபோ எனும் மாகாணப் பதிவு அமைப்பின் இணையத்தளத்தில் பார்க்க இரண்டு நிமிடம் போதும்.

பின்னர் புரோக்கர் சொல்லித்தான் இன்னும் சில விஷயம் தெரிந்தது. காசு தட்டுப்பாடு என்றால் திகதிக்கு முன்னரே அழைத்துச் சொல்லியிருக்கலாம். காசு வெட்டும் நாளைச் சம்பள நாளுக்கு மாற்றியிருக்கலாம். பழைய காருக்கு மோதல் சேதக் காப்புறுதியை நீக்கியிருந்தால் மாதக் கட்டணம் இறங்கியிருக்கும். காரை நிறுத்தி வைப்பதாக இருந்தால் வீதியில் ஓட்டும் காப்புறுதியை மட்டும் தற்காலிகமாக நிறுத்தச் சொல்லிக் கேட்கலாம். இதில் ஒன்றையாவது எனக்கு முன்பே தமிழில் சொல்ல ஆள் இருந்திருந்தால் 6,940 வந்திராது.

நான் இப்போது 14 மாதமாக ஒரு கட்டணமும் தவறவிடவில்லை. மூன்று வருடம் முடிய இன்னும் 22 மாதம் இருக்கிறது. உங்களிடம் ஒரு வேண்டுகோள். காப்புறுதிக் கடிதங்களை எப்படி வாசிப்பது என்று ஒரு பக்கம் தமிழில் போடுங்கள். அந்த 30 நாள், கடிதத்தைக் கையில் வாங்கிய அன்று தொடங்குவதில்லை, தபால் துண்டு வீட்டுக்கு வந்த அன்றே தொடங்கிவிடுகிறது என்பதைப் பெரிய எழுத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஸ்காபரோ வாசகர் ஒருவர்