ராத்திரி சாப்பிடறியா தம்பி

தம்பி, நல்லா இருக்கியா. பாங்காக்லேருந்து நீ அனுப்புன போட்டோவ எல்லாம் அப்பா பெருசு பண்ணி பெருசு பண்ணி பாத்தாரு. வாட் போ கோயில்ல படுத்திருக்கற புத்தர் 46 மீட்டராமே, பாதத்துல சிப்பி பதிச்ச 108 சின்னத்தையும் எடுத்திருக்க, உன் மூஞ்சிய ஒழுங்கா எடுக்கல.

வாட் திரைமித் தங்க புத்தர் பத்தியும் அவ்ளோ எழுதியிருக்க. அஞ்சரை டன் தங்கம் சுண்ணாம்புக்குள்ள இருந்தது 1955ல நகத்தும்போது தான் தெரிஞ்சதுன்னு. உன்ன பத்தி ஒரு வரி இல்ல.

ராத்திரி சாப்பிடறியா? மத்தியானத்துக்கு மேல எதுவும் எடுத்துக்கறதில்லன்னு பேச்சுவாக்குல சொன்ன. வாட் மகாதாட்ல தியானம் கத்துக்கறது நல்லது தான், நான் வேணாம்னு சொல்லல, ஆனா அந்த சாப்பாட்டு நேரமெல்லாம் பிக்குங்களுக்கு, உனக்கு எதுக்கு, சின்ன வயசுலயே பசி தாங்க மாட்ட. டிக்கெட்ட வேற மறுபடி தள்ளிப்போட்டிருக்க.

அரண்மனை கிட்ட யாராவது இன்னைக்கு கோயில் லீவுன்னு சொல்லி டுக்டுக்ல ஏறச் சொன்னா ஏறாத, நகைக்கடைக்கு தான் கூட்டிட்டு போவாங்களாம். ராத்திரி சாப்பிடு.

வாட் சுத்தாட் முன்னாடி இருக்கற செவப்பு ஊஞ்சல் கம்பத்தையும், அங்க அரண்மனை பிராமணருங்க நம்ம திருவெம்பாவைய ஓதறதையும் நீ எழுதினத அப்பா தெருவே கேக்கற மாதிரி படிச்சு காட்டினாரு. அவருக்கு அவ்ளோ பெருமை. ஆனா போன் பண்ணா தான் நீ எடுக்கறதில்ல.

கல்யாண பத்திரிக்கை கட்டு இன்னும் பீரோ மேல தான் இருக்கு. அத பத்தி பேச வரல.

அங்க ஆம்பள பசங்க கொஞ்ச நாள் காவி கட்டிட்டு திரும்ப வீட்டுக்கு வந்துடுவாங்களாமே. அவங்க வந்துடறாங்க. புத்தரோட பையன் ராகுலன சொல்லாம கொள்ளாம துறவியாக்கினப்ப தாத்தா சுத்தோதனர் புத்தர் கிட்டயே போய், பிள்ளைப் பாசம் தோல், சதை, நரம்பு, எலும்பெல்லாம் அறுத்துட்டு மஜ்ஜை வரைக்கும் போகுது, இனிமே அப்பா அம்மா சம்மதம் இல்லாம யாரையும் சேக்காதீங்கன்னு கேட்டாராம், புத்தரும் அதையே விதியா வெச்சுட்டாராம். இன்னைக்கும் சடங்குல அத கேக்கறாங்களாம். படிச்சேன், சொல்றேன்.

சிலோம் மாரியம்மன் கோயிலுக்கு போயிட்டு வா, தமிழ்க்காரங்க கட்டுனது. அங்கேருந்து வீடியோ கால் பண்ணு. எல்லா போட்டோலயும் தொப்பி போட்டிருக்க. அத கழட்டிட்டு பேசு, உன் தலைய நான் பாக்கணும்.

அம்மா